புது வள்ளத்தில் விட்ட தண்ணீர்

போன வியாழக்கிழமை காலை, ஒரு புத்தம் புதிய படகுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் விட்டேன். நானேதான். ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விசிலடித்தபடி…

மெட்ராஸ் வேலையை உதறிவிட்டு கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரைக்கு வந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே பதினான்கு வருடம் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். இங்கே ஃபைபர் வள்ளம் செய்கிறார்கள். வள்ளம் என்றால் மீன்பிடிப் படகு. அதே ரெசின், அதே பிரஷ், அதே நாற்றம். பெரிதாக என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

வந்த புதிதிலேயே வாய் கெடுத்தது. எதற்கெடுத்தாலும், "எங்க பழைய கம்பெனியில…" என்று ஆரம்பிப்பேன். மேஸ்திரி தாசையன் உடனே பிரஷைக் கீழே வைத்துவிட்டு, சர்ச்சில் பிரசங்கம் கேட்பவர் மாதிரி கைகட்டி நிற்பார். அவரைப் பார்த்து மற்ற நாலு பேரும். 'மெட்ராஸ் டேங்க்' என்று எனக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஒரு சீனியரின் வாயை அடைக்க இதைவிட மரியாதையான வழி உண்டா?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிப் பேசுவதில்லை, செய்து காட்டுவதுதான் என்று முடிவு செய்தேன்.

தொட்டிக் கம்பெனியில் டெலிவரிக்கு முன்னால் தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று பார்ப்போம். அதையே இங்கேயும் செய்தேன் — யாரிடமும் கேட்காமல், மற்றவர்கள் வருவதற்கு முன்னால்.

வள்ளத்துக்குச் சொந்தக்காரரான பிலோமினா அம்மா அன்று பார்த்துச் சீக்கிரமே வந்துவிட்டார். பொழியூர்க்காரர், என் அம்மா வயது. இரண்டு மகன்களும் கடலுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் சாமியார் வந்து ஜெபித்து மந்திரித்ததும் வள்ளம் கடலில் இறங்க வேண்டும்.

"எக்க மாதாவே! கடலு காணாத வள்ளத்துக்குள்ள வெள்ளமா? ஆராவது இப்பிடிச் செய்வினுமா?"

இந்தப் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள். படகுக்குள் தண்ணீர் நின்றால், கடற்கரையில் அதற்கு மூழ்குகிறது என்று அர்த்தம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு இந்த வள்ளம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாசையனும் முதலாளி செல்வதாஸும் உள்ளே வந்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்த முதலாளி. மெட்ராஸில் என் மனைவி, சாமான் கட்டட்டுமா வேண்டாமா என்று காத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாசையன் வள்ளத்துக்கு அடியில் குனிந்தார். அப்படியே மல்லாந்து படுத்தார்.

"அம்மச்சி, இஞ்ச வந்து பாருங்க… சொட்டுது!"

பின்பக்க மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பிலோமினா அம்மா விரலை வைத்துப் பார்த்தார். விரல் நனைந்தது.

"எக்க மக்க ரெண்டு பேரும் ஏறுத வள்ளமாக்கும் இது" என்றார். பிறகு என் தோளில் ஒரு தட்டு. "அத அடைச்சிட்டு நாளைக்கும் வெள்ளம் விடு மக்கா. நான் வந்து பாக்கேன்."

பதினான்கு வருடம் தண்ணீரை உள்ளே நிறுத்தி வைத்தவன் நான். இவர்கள் தண்ணீரை வெளியே நிறுத்துகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஓட்டை என்னவோ ஒன்றுதான்! ஆனாலும், தாசையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அம்மாவை அப்படிப் பதற வைத்திருக்க மாட்டேன். அதைப் பிலோமினா அம்மாவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் வந்து பார்த்தார். சொட்டவில்லை. "ஆறு மாசக் கணக்கு ஒண்ணும் வேண்டாம் சாரே" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை. ஜெபம், மாலை, வெடிச் சத்தம்… ஓரமாக நின்ற என்னைப் பிலோமினா அம்மா விடவில்லை.

"முதல்ல நீ ஏறு. ஓட்டை இருந்தா ஒனக்க காலு நனையட்டு!"

எனக்கு நீச்சல் தெரியாது. ஏறினேன். அலை அடித்துத் தலை நனைந்தது, சட்டை நனைந்தது. ஆனால் அடியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. பயத்தில் கத்தினேனா, சந்தோஷத்தில் கத்தினேனா என்று இன்னும் தெரியவில்லை.

கரையில் தாசையன் கைகட்டி நின்றார். ஆனால் இந்த முறை கிண்டல் இல்லை.

"சொல்லுங்க சாரே… ஒங்க பழைய கம்பெனியில வேற என்னெல்லாம் செய்வினும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். எஸ்.டி.டி. பூத் மூடுவதற்குள் மனைவியிடம், "சாமானைக் கட்டு" என்று சொல்லியாக வேண்டுமே!