எந்தக் கடதாசி வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை கோட்டில் ஒரு விண்ணப்பம் தள்ளுபடியானது. எழுதியவன் நான்.

பேப்பரில் பத்தி எழுதுகிறவனுக்குக் கோட்டு விண்ணப்பமும் எழுதத் தெரியும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன செய்ய? பாண் கியூவில் நின்ற யாரோ என்னைக் கைகாட்டிவிட, நாரந்தனைத் திரேசம்மா வீடு தேடி வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். கச்சான் காற்றுத் தொடங்கினால் எங்கள் கரையில் மீன்பிடி படுத்துவிடும். குடும்பம் குடும்பமாக முல்லைத்தீவுப் பக்கம் போய், கடற்கரையில் ஓலை வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். திரேசம்மா குடும்பமும் போனது. நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தால்... முற்றத்தில் புது வேலி! குசினி இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம்.

அவருக்குச் சீதனமாக வந்த காணி. சித்தப்பா மகன் தனக்கும் பங்குண்டு என்று வழக்குப் போட்டிருக்கிறார். அழைப்பாணை கொடுத்தும் திரேசம்மா வரவில்லை என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. வராதவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சுலபம்!

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை ஐயா. நாங்கள் வாடியிலை நிண்டனாங்கள்."

தீர்ப்பைத் திரும்பத் திறக்க அதைத்தான் காட்ட வேண்டும். காட்டுவதற்கு, அழைப்பாணை கொண்டுபோன பிஸ்கால் உத்தியோகத்தர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். அது பைலில் இருக்கிறது. பைல் கிளாக்கரிடம் இருக்கிறது. (எந்த ஊர்க் கோடு என்று கேட்காதீர்கள்.)

"எந்தக் கடதாசி வேணும்? இலக்கமும் திகதியும் எழுதித் தாரும்" என்றார் கிளாக்கர்.

"பைலைப் பார்த்தால்தானே இலக்கம் தெரியும்?"

"முடிஞ்ச வழக்கு. பைலைச் சும்மா காட்ட ஏலாது. ஜட்ஜ் ஐயாவிட்டை ஓடர் எடுத்துக்கொண்டு வாரும்."

கட்டளை கேட்டு எழுதினேன். எந்த ஆவணம் என்று குறிப்பிடவில்லை – திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணால் காணாத கடதாசியின் திகதியை எந்தச் சாத்திரியிடம் போய்க் கேட்பது? மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் திரேசம்மா பஸ் ஏறினார். கடைசியில் கிளாக்கருக்கே அலுத்துப் போயிருக்க வேண்டும். முத்திரை குத்திய பிரதி ஒன்று கைக்கு வந்தது.

திரேசம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். 'பிரதிவாதியை அவரது வீட்டில் நேரில் கண்டு கொடுத்தேன். ஒப்பமிட மறுத்தார்.' கீழே திகதி. அதை நான் வாசித்ததும் திரேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அந்தோனியார் பெருநாளுக்கு அடுத்த நாளோ ஐயா?"

"ஓம்."

"அண்டைக்குத்தான் என்ரை சின்னவனைத் தாட்டனாங்கள். வாடிக்குப் பின்னாலை."

ஆறு மாதக் குழந்தை. காய்ச்சலில் போய்விட்டதாம். இதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது – ஆனாலும் பட்டேன். வழக்கு வென்றாயிற்று என்று, கோட்டில் எங்களுக்காகப் பேச ஒத்துக்கொண்டிருந்த பிரக்கிராசியாரிடம் ஓடினேன். அவரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இது போதும்! பிள்ளையின்ரை மரணச் சேட்டிபிக்கற்றைக் கொண்டு வாரும்."

சேட்டிபிக்கற்றா? ஓலைக் கொட்டிலில் செத்த குழந்தையை யார் போய்ப் பதிந்தார்கள்? செபம் சொல்லச் சுவாமிகூட வந்து சேரவில்லை. மணலைத் தோண்டிப் புதைத்து, இரண்டு தடியைச் சிலுவையாகக் கட்டி நட்டுவிட்டு, அடுத்த நாள் கரைவலை இழுக்கப் போயிருக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்?

செவ்வாய்க்கிழமை நீதிபதியும் அதையே கேட்டார். புதைத்த ஆட்கள் வந்து சாட்சி சொல்வார்கள் என்றார் எங்கள் பிரக்கிராசியார். அவர்கள் எல்லோரும் சொந்தக்காரர் என்று எழும்பினார் மற்றப் பக்கத்தார். உண்மைதான்... வாடியில் குழந்தையைப் புதைக்க அந்நியரா வருவார்கள்? பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வீடு போய்விட்டது.

நடக்காத ஒன்றுக்கு முத்திரை குத்திய பிரதி இருக்கிறது. நடந்ததற்கு ஒரு துண்டுகூட இல்லை. கோட்டுக்கு எது பெரிது என்று இனியும் கேட்க வேண்டுமா?

வெளியே வந்ததும் அந்தப் பிரதியைக் கிழித்தெறியப் போனேன். திரேசம்மா பாய்ந்து பறித்து, நாலாக மடித்துச் செபமாலைப் பைக்குள் வைத்தார்.

"கிழிக்காதேங்கோ ஐயா. என்ரை பிள்ளை போன நாள் எழுதியிருக்கிற கடதாசி இது ஒண்டுதான்."