கொடியேத்தத்துலேர்ந்து தடை

பர்மாவுல, ஷ்வேப்யிதாங்கற ஊர்த் தையல் ஃபாக்டரியில சூப்பர்வைசர்கிட்ட வாங்காத பேச்செல்லாம் வாங்கி, லீவு மேல லீவு போட்டு, சத்யபாமா டவுன்ஷிப் கோர்ட்டுலேர்ந்து ஒரு தடையாணை வாங்கினா. அது எப்படி வீணாப்போச்சுங்கறதுதான் கதை.

அலோன் ஜெட்டி, அதான் படகுத்துறை, அதுக்குப் பக்கத்துல ஒரு அம்மன் கோயில். போன வருஷம் தீமிதித் திருவிழாவுல சாமி தெருவுல வர்றப்ப ஜெட்டிப் பசங்களும் பக்கத்து வார்டுப் பசங்களும் மோதிக்கிட்டானுங்க. ஜெட்டிப் பசங்களுக்குத் தலைவன் தேவராஜ். அவன் சைக்கிள் செயினச் சுழட்டினதுல வடைக்கடை அடுப்பு சரிஞ்சு, கொதிக்கிற எண்ணெய் சத்யபாமாவோட தங்கச்சி புஷ்பலதா கால்ல கொட்டிருச்சு. புண்ணு ஆறிருச்சு. பயம் ஆறல. அந்தத் தெருப் பக்கமே அவ வர்றதில்ல. இந்த வருஷம் பால்குடம் எடுக்கிறதா அம்மனுக்கு வேண்டிக்கிட்டா. கையோட இன்னொண்ணும் சொல்லிட்டா.

"அந்தப் பயலுவ நிக்கிற எடத்துல நான் காலெடுத்து வைக்கமாட்டேன்க்கா."

போலீஸ்ல சொல்லலாமேன்னு கேப்பீங்க. இப்ப ராணுவம் ஆள்ற நெலமையில வயசுப் பையன் பேர எவன் போலீசுக்கு எழுதிக் குடுப்பான்? ஜெயிலுக்குப் போறானோ இல்லியோ, பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. தெருவுல வீட்டுக்கு வீடு இதையேதான் சொன்னாங்க. "பொறுக்கிதான் பாமா, இல்லங்கல. அவனையும் ஒருத்தி பெத்திருக்காள்ல."

அவளுக்கும் அது தெரியும். அதனாலதான் மொகல் தெரு வக்கீல் சைதாகிட்டப் போனா. சைதாவும் தமிழ்ப் பொண்ணுதான். அவதான் வழி சொன்னா. தேவராஜும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் திருவிழா முடியிற வரைக்கும் கோயில் தெருவுக்குள்ள வரக்கூடாது, அவ்வளவுதான். போலீசுக்குப் பேரு போகாது, மீறினாத்தான் கோர்ட்டு கூப்புடும்.

"உங்க பேர்லயே மனு போடலாமேக்கா. பாதிக்கப்பட்டது உங்க தங்கச்சிதானே?"

"நான் அந்தத் தெருவுல குடியிருக்கணும்மா. கோயில் பேர்ல போடு."

கோயில் தர்மகர்த்தா விஸ்வநாதன். அரிசி மண்டி வச்சிருக்கிறவரு. நாளைக்கு, மறுநாளைக்குன்னு இழுத்து, கடைசியில கையெழுத்துப் போட்டாரு.

"திருவிழா என்னைக்கு ஆரம்பம்க்கா?"ன்னு சைதா கேட்டா.

"கொடியேத்தம் அன்னைக்கு. நோட்டீஸ்லயே போட்டிருக்கே."

அப்படியே மனுவுல ஏறிருச்சு. கொடியேத்தத்துலேர்ந்து தடை.

கொடியேத்தத்துக்கு முந்தின சாயங்காலம் காப்புக் கட்டு. மஞ்சத்துண்டு கோத்த கயித்தக் கையில கட்டிக்கிட்டவன், தீமிதிச்சு அத அவுக்கிற வரைக்கும் ஊரெல்லையத் தாண்டக்கூடாது. அவன யாரும் வெளிய தொரத்தவும் கூடாது, தொரத்தினா ஊருக்கு ஆகாது. சத்யபாமாவுக்குத் தெரியாததா? சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்கிறா. ஆனா திருவிழான்னா கொடி, ரேடியோ செட்டு, கடைங்க. காப்புக் கட்ட யாரு திருவிழாவுல சேத்தா?

தேவராஜ் சேத்தான். அன்னைக்குச் சாயங்காலம் கூட்டாளிங்களோட குளிச்சு, ஈரத் துணியோட வந்து கைய நீட்டினான். நாலு பேருக்கும் பூசாரி கட்டிவிட்டாரு.

மறுநாள் காலையில கோர்ட்டு ஆள் தடையாணைத் தாளோட வந்தாரு, கூடவே சத்யபாமா. பர்மாக்காரரு. கோயில் வாசல்ல விஸ்வநாதன் வழிய மறிச்சு நின்னாரு.

"இப்ப முடியாது பாமா. அம்மன் காப்பு அவன் கையில இருக்கு. நான் எப்படி வெளிய போடான்னு சொல்றது?"

"கையெழுத்துப் போட்டது நீங்கதானேய்யா?"

"போட்டேன். அப்ப அவன் காப்புக் கட்டலியே."

உள்ள மண்டபத்துல உக்காந்திருந்த தேவராஜ் ரொம்ப மரியாதையாப் பேசினான். "அக்கா, விரதத்துல இருக்கோம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க." கூட்டாளிங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சானுங்க.

கோர்ட்டு ஆள் மஞ்சக் கயித்தப் பாத்தாரு, தர்மகர்த்தாவப் பாத்தாரு. "சாமி சமாச்சாரம் டோ பாமா. நீங்களே பேசித் தீத்துக்கங்க"ன்னு பர்மா பாஷையில, மரியாதைக்கு 'டோ' போட்டுச் சொல்லி, தாளச் செவுத்துல ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. சைதாவுக்குப் போன் போட்டா, அவளும் கைய விரிச்சா. "மனு போட்டவரே வேணாங்கிறாரு. நான் யாருக்காக வாதாடறதுக்கா?"

சத்யபாமா விடல. திரும்பவும் விஸ்வநாதன்கிட்டப் போனா. "காப்புக் கட்டினவன் கோயில்லயே படுக்கணும், குடிக்கக்கூடாது, தெருவுல திரியக்கூடாது. அந்த மொறையையாவது பாப்பீங்களா?"

"அது ஞாயம்"னாரு அவரு. தலை தப்பிச்ச சந்தோஷம் மூஞ்சியில தெரிஞ்சுது.

அந்த ஒரு விஷயத்துல சொன்ன சொல்ல காப்பாத்தினாரு. நாலு பேரும் பொங்கலத் தின்னுட்டுக் கோயிலுக்குள்ளயே கெடந்தானுங்க. சாமி தெருவுல வந்த அன்னைக்குப் பக்கத்து வார்டுப் பசங்க வந்து பாத்து, சண்டைக்கு ஆளில்லன்னு திரும்பிட்டானுங்க. தெருவுல எல்லாருக்கும் பெரும தாங்கல. "பாத்தியா பாமா, கோர்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

பால்குடத்தன்னைக்குப் புஷ்பலதா மஞ்சச் சீலையோட தெருவுக்கு வந்தா. தலையில குடம், பக்கத்துல அக்கா. வடைக்கடை எடத்துல கால் தயங்குச்சு. தாண்டிட்டா. கோயில் வாசலுக்கு வந்தா. காப்புக் கட்டினவங்களுக்குத்தான் அம்மனுக்குப் பக்கத்துல எடம். அங்க தேவராஜ் கைய கூப்பிக்கிட்டு நின்னான்.

"அவனுவ தெருவுல இல்லன்னியேக்கா."

"தெருவுல இல்லதான்."

புஷ்பலதா குடத்தோட திரும்பி நடந்தா. பின்னால வந்த பொம்பளைங்க வழி விட்டாங்க. ஒருத்திகூட தேவராஜப் பாத்து, கொஞ்சம் வெளிய போடான்னு சொல்லல.

தீமிதி முடிஞ்சு காப்பு அவுந்தது. அவுந்த கையோட நாலு பேரும் சாராயக் கடைக்குப் போனானுங்க. ஆளில்லாத கோயிலுக்கு மறுநாள் அக்காவும் தங்கச்சியும் புதுப் பாலோட வந்தாங்க. பூசாரி வாங்கி ஊத்தினாரு, ஊத்திட்டுச் சொன்னாரு. "காப்பு அவுத்தாச்சு. இது வேண்டுதல்ல சேராதும்மா. அடுத்த வருஷம் எடுத்துருங்க."

அக்கா மூஞ்சியப் புஷ்பலதா பாத்தா.

சத்யபாமா செவுத்துகிட்டப் போயி, பசை விட்டுத் தொங்கின தாளக் கிழியாம உரிச்சா. அங்கேயே நின்னு போன் போட்டா. "சைதா, அடுத்த வருஷத்துக்கு இப்பவே எழுதிக்க. காப்புக் கட்டுக்கு முந்தியே தடை ஆரம்பிக்கணும்."

"எழுதலாம்க்கா. கையெழுத்து? தர்மகர்த்தா மறுபடி மாறிட்டா?"

கோயில் முத்தத்துல விஸ்வநாதன் ஜமுக்காளத்தச் சுருட்டிக்கிட்டிருந்தாரு. இவங்க பக்கம் திரும்பவேயில்ல.

"அவரு போட வேணாம். என் பேர்லயே போடு."