டாக்டருக்கு எந்த ஊர்?

போன சனிக்கிழமை மும்பை மாட்டுங்காவில் ஒரு டாக்டரின் கிளினிக்கிலிருந்து வெளியே வந்தபோது, என் முகத்திலும் வீட்டுக்காரர் முகத்திலும் சம்பந்தம் பேசி முடித்த களை. எங்கள் மகள் வைஷாலி மட்டும் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் களை இல்லை. கொலைவெறி இருந்தது.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைஷாலிக்கு இருபத்தாறு வயது. பிறந்த அன்று 'பையன்' என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். மூன்று வருடம் முன்பு, 'இல்லம்மா, நான் பொண்ணு' என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் இங்கே அழுதுகொண்டே எழுதியிருக்கிறேன். நீங்களும் கூடவே அழுதீர்கள். இந்த வாரம் அழுகை கிடையாது. முடிந்தவரை.

இப்போது அவளுக்கு முகத்தில் ஒரு ஆபரேஷன். அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். நெற்றி எலும்பு, மூக்கு, தாடை... ஆண் முகத்தின் மேடுகளைச் செதுக்கி, பெண் முகத்தின் சாயலுக்குக் கொண்டுவருகிற அறுவை சிகிச்சை. ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் முடிந்துவிட்டது. அவள் ஜெயித்தாள். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி - யார் கையில் கொடுப்பது?

முதலில் போனது பாந்த்ராவில் ஒரு கண்ணாடி மாளிகை. டாக்டர் சினிமாக்காரர் மாதிரி இருந்தார். "டென்ஷனே வேண்டாம், ஹீரோயின் ஆக்கிடலாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, பெரிய திரையில் தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் படங்களை ஓட விட்டார். முன்னால், பின்னால். முன்னால், பின்னால்.

முன்னால் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். பின்னால் எல்லோருக்கும் ஒரே மூக்கு!

"இவ்வளவு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைகளா?" என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். காதில்தான் கேட்டார், ஆனால் அவர் தாராவியில் வளர்ந்தவர். அவருடைய ரகசியம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். வெளியே வரும்போது ஒரு பெண் ஓடி வந்து, இன்றைக்கே புக் பண்ணினால் சலுகை உண்டு என்றாள். என்ன, மிக்ஸியா வாங்குகிறோம்?

"நெக்ஸ்ட்" என்றாள் வைஷாலி.

அந்த நெக்ஸ்ட்தான் மாட்டுங்கா டாக்டர். இவரை எங்கள் குடும்ப டாக்டர் சொல்லி அனுப்பினார். உள்ளே நுழைந்தோம். "உக்காருங்க" என்று தமிழில் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையின் இழுவையிலேயே வீட்டுக்காரரின் காது நிமிர்ந்துவிட்டது.

"டாக்டருக்கு எந்தப் பக்கம்?"

"அம்பாசமுத்திரம் பக்கம்."

"அம்பாசமுத்திரத்துல எங்க?"

ஊரைச் சொன்னார். ஊரில் தெருவைச் சொன்னார். தெருவில் வீட்டைச் சொன்னார். வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப, எங்க பெரியம்மா மருமக... உங்க சித்தப்பா மகளா?"

ஆமாம்! சித்தப்பா மகளேதான்!

"அப்ப நீங்க எனக்கு மச்சினன் முறைல்லா வருது!"

பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமா? டீ வந்தது. பிஸ்கட் வந்தது. "வைஷு, மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பினாள். மாமா அவளை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர், அந்தச் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பின்வாசல் கிணற்றில் குதித்துக் குளித்த கதையை ஆரம்பித்துவிட்டார். கதை முடியவும் அடுத்த நோயாளி கதவைத் தட்டவும் சரியாக இருந்தது. எழுந்தோம். வாசல் வரை வந்து வழியனுப்பினார். மச்சினன் அல்லவா?

இப்படித்தான் களையோடு வெளியே வந்தோம்.

பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் காபி சொன்னோம். வைஷாலி காபியைத் தொடவில்லை.

"அம்மா, அந்த அங்கிள் இதுவரைக்கும் எத்தனை பேருக்கு நெத்தி எலும்பு ஆபரேஷன் பண்ணியிருக்கார்?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சர்வரைப் பார்த்தார்.

"ஆபரேஷன்ல என்னென்ன தப்பாப் போகலாம்? எவ்வளவு நேரம் மயக்கத்துல இருப்பேன்? அவர்கிட்ட பண்ணிக்கிட்ட யாரையாவது நான் போய்ப் பாக்க முடியுமா?"

"நீ கேட்டிருக்கலாம்லட்டி?" என்றார் இவர். பெண் பிள்ளைகளைக் கூப்பிடுகிற இந்த 'ட்டி' அவர் வாயில் ஏற ஒரு வருடம் பிடித்தது. இப்போது சண்டையில்கூடத் தடுக்கி விழாமல் வருகிறது.

"அரே, எங்க கேக்க விட்டீங்கப்பா? நீங்கதான் கெணத்துல குளிச்சிட்டு இருந்தீங்களே!"

"ஏட்டி, சொந்தக்காரன்னா ஏமாத்த மாட்டாம்லா. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல எம் மூஞ்சில முழிக்கணும்ல்லா."

"ஏமாத்த மாட்டார்ப்பா. பக்கா நல்ல மனுஷன். ஆனா... பண்ணத் தெரியுமா?"

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் நாம் எதைத்தான் வேறு விதமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்? டியூஷன் மாஸ்டர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கல்யாணச் சமையல்காரர், வீட்டு புரோக்கர்... எல்லோருக்கும் ஒரே இன்டர்வியூ. ஒரே கேள்வி. 'எந்த ஊரு?' பதில் திருப்தியாக இருந்தால் வேலை அவர்களுக்கு. இத்தனை கோடி முகங்களுக்கு நடுவில் யாரை நம்புவது என்று தெரியாமல் நாம் பிடித்துக்கொண்ட கயிறு அது. பல தடவை கரை சேர்த்தும் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளையின் மண்டையோட்டைத் திறக்கப் போகிறவரிடம், அவர் சித்தப்பா மகளை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று விசாரித்துவிட்டு, ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், டீ குடித்துவிட்டு வந்திருக்கிறோம். இரண்டு பேருமே டிகிரி வாங்கியவர்கள்!

"மா, இது என் மூஞ்சி" என்றாள் வைஷாலி. சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

அங்கேயே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், நாங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே. கேள்வியை நேராகக் கேட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நீ கேப்பேன்னுதாம்மா பாத்துக்கிட்டே இருந்தேன். மூக்கு பண்ணுவேன். தீக்காயம் பண்ணுவேன். நெத்தி எலும்புல நான் கை வைக்க மாட்டேன். அதுக்கு மண்டையோட்டுல வேலை பாத்துப் பழகின கை வேணும்."

"அப்ப ஏன் அங்கிள் சொல்லல?"

"சொல்லத்தானம்மா வந்தேன். உங்கப்பா கெணத்துக்குள்ள எறங்கிட்டாரு. ஏறி வரவே இல்ல."

வீட்டுக்காரர் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டாக்டரே தொடர்ந்தார். செம்பூரிலேயே ஒரு லேடி டாக்டர், அவருடன் படித்தவர், இந்த வேலையில் தேர்ந்த கை. "கொஞ்சம் கடுகடுன்னு பேசுவா. அதப் பாக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு மாசத்துல எடுத்த போட்டோ காட்டினா நம்பாதம்மா, ஒரு வருஷம் கழிச்சு எடுத்ததைக் கேளு. பண்ணிக்கிட்டவங்கள நேர்ல பாரு."

போனை வைத்ததும் இவர் சொன்னார்: "மாப்பிள்ளையே 'நான் வேண்டாம், வேற நல்ல பையன் இருக்கான்'னு சொல்லுதத இப்பத்தான் பாக்கேன்."

அந்த லேடி டாக்டரிடம் இந்தச் செவ்வாய்க்கிழமை போனோம். மராத்திக்காரர். சின்ன அறை, மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு. வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் தொடையில் கிள்ளினேன். மூடிக்கொண்டார்.

டாக்டர் எங்களைப் பார்க்கவே இல்லை. வைஷாலியிடம் ஹிந்தியில் கேட்டார். "உன் முகத்தில் எது உன்னைத் தொந்தரவு செய்கிறது?"

"நெற்றிதான் டாக்டர். அப்புறம் மூக்கு..." என்றது யார் தெரியுமா? நான்தான்!

"ராத்திரி தூக்கம் எப்படி?"

"சரியாகவே தூங்குவதில்லை டாக்டர்." மறுபடியும் நான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்கள் இரண்டு பேரும் வெளியில் உட்காருங்கள்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... பெற்றவளை வெளியே போகச் சொல்ல இவள் யார்? வராந்தாவில் உட்கார்ந்து பொருமினேன்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாப் பேசணும்ங்காவ. நாம என்ன செய்ய?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏங்க, எலும்பைச் சீவுறாங்கங்க. மயக்கத்துலேர்ந்து எந்திரிக்கலன்னா? இருக்கிற முகத்துக்கு என்ன குறை? இப்பவும் வேண்டாம்னு சொல்லிப் பாக்கலாமா?"

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ கண்ணாடிக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் பல்லு தேய்க்கா. நீ பாத்தது இல்லையா?"

பார்த்ததில்லை. மூன்று வருடமாக அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தவள், இதைப் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். டாக்டர் மண்டையோட்டைத் திருப்பி வைத்து, எங்கே வெட்டுவார், எவ்வளவு சீவுவார் என்று விரலால் காட்டினார். நெற்றியும் மூக்கும் செய்யலாம். தாடையும் வேண்டும் என்று வைஷாலி கேட்டிருக்கிறாள், அது முடியாது - அவளுக்கு அது தேவையில்லை. முடிக்குள் தழும்பு இருக்கும். உச்சந்தலை மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும், கொஞ்ச இடம் நிரந்தரமாகக்கூட. ரத்தம் கட்டலாம், சீழ் பிடிக்கலாம். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றிலும் சர்க்கரை தடவவில்லை.

"ஹீரோயின் எல்லாம் ஆக மாட்டாள். இவள் இவளாகத்தான் இருப்பாள். கேள்வி இருக்கிறதா?"

ஒரு பெரிய கேள்விப் பட்டியலை வைஷாலி ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இத்தனை நாளாக வீட்டில்கூடக் கேட்காதது.

"எனக்கு இவளை அடையாளம் தெரியுமா டாக்டர்?"

அந்த அம்மாள் அப்போதுதான் முதல் முறையாக என்னை முழுதாகப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "முதலில் தெரியாது. கண் மூடிப்போய், முகம் வீங்கி, யாரோ ரோட்டில் போட்டு அடித்த மாதிரி இருப்பாள். அப்போது இவளுக்கே இவளைத் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். அந்த நேரம் நீங்கள் பயந்துபோய் முன்னால் நிற்கக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றேன்.

பொய். இப்போது தினமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாளே, டாக்டர் சம்மதம் கேட்டு முகவரி கொடுத்த, நவி மும்பை கோபர்கைரனேக்காரப் பெண் ஒருத்தியை வைஷாலி போய்ப் பார்த்தாள். அதே டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவள். என்னைக் கூட்டிப் போகவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை... சரி, ஒரே ஒரு தடவை சொன்னேன்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இந்த டாக்டர்தாம்மா" என்றாள்.

"அந்தப் பொண்ணு மூக்கு எப்படி இருக்கு?"

"அவ மூக்கு மாதிரி இருக்கு."

"அப்ப அதனாலதானா?"

"அது மட்டும் இல்ல. நான் கேட்டதுல ஒண்ண முடியாதுன்னு சொன்னாங்கல்ல? வேண்டாததை வேண்டாம்னு சொல்றவங்க கையில என் தலையைக் கொடுக்கலாம். பஸ், அவ்ளோதான்."

இந்த ஒரு வரியை என் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

வைஷாலிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் இதை அச்சுக்கு அனுப்பும் முன் நானே வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். அவள் அப்பாவும் ஒரு இடத்தில் வெட்டச் சொன்னார். கிணறு. அதை வெட்டவில்லை.

ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. டாக்டரம்மா போனில் பத்தியம் சொன்னார், ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். குழைந்த சோறு, உயரமான தலையணை, குனியக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது. "அப்புறம் முக்கியமாக, சில வாரங்களுக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. முகம் அசையக் கூடாது. வீட்டில் யாரும் ஜோக் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வைஷாலியும் அவரைப் பார்த்தாள். "நான் என்னட்டி செஞ்சேன்?" என்றார் அவர், பரிதாபமாக. அவ்வளவுதான். வைஷாலி சோபாவில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று வருடமாக அழுகையை அடக்கப் பழகிய வீடு எங்களுடையது. சிரிப்பை அடக்க எங்கே போய் டியூஷன் சேருவது?