நடுக்கோடு

ராஜா அண்ணாமலைபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மதுரையிலிருந்து கொண்டுவந்த புத்தகம் கையில் இருக்கிறது. நிறுத்தத்தை ஒட்டிய வீட்டு மதிலுக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். சுவர் எழுதுகிற ஒருவர் நடுவில் கறுப்புக் கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு கட்சிக்கும் வலப்பக்கம் அதன் எதிர்க்கட்சிக்கும் ஓட்டுக் கேட்டு எழுதுகிறார். இரண்டுமே அவர் கைதான்.

“இவ்ளோ நேரமா இன்னா சார் படிச்சிக்கினு கீறீங்க?” என்கிறார்.

அமெரிக்காவின் பழைய தேர்தல் கதை என்கிறேன். முதல் அதிபருக்குக் கட்சியே கிடையாது. அவர் விலகியதும் இரண்டு கட்சிகள் மோதின. ஜெயித்தவர் அதிபரானார், ஓட்டில் இரண்டாவதாக வந்த எதிர்க்கட்சிக்காரர் துணை அதிபரானார்.

பிரஷ் நிற்கிறது. “தோத்தவரு கூடவே குந்திக்கினு ஆட்சி பண்ணாரா?”

“ஆமா.”

“அப்போ ரெண்டு பேரையும் ஒரே சுவத்துல சேத்து எழுதலாம், கோடே வாணாம். போன தபா ஒரு எழுத்து கோட்டத் தாண்டிச்சுன்னு என் மண்டைய ஒடச்சிட்டானுங்க சார்.” நெற்றித் தழும்பைக் காட்டுகிறார். “அது எத்தினி வருசம் ஓடிச்சு?”

“அந்த ஒரு தடவைதான். ஒத்துப்போகல. அப்புறம் சட்டத்தையே மாத்திட்டாங்க.”

தலையாட்டுகிறார். பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து, நடுக்கோட்டை இன்னும் தடிமனாக இழுக்கிறார்.