பித்தவெடிப்பு

மயிலாப்பூர் கோவிலில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியதும், பாண்டி பஜாரில் விரல் தெரிகிற செருப்பு ஒன்று வாங்கினேன். தொண்ணூறுகளில் அதுதான் நாகரிகம். கால் நகங்களைத் திருத்தி, சிவப்பு நெயில் பாலிஷ் போட்டேன். கோவில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

குதிகாலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நின்று புடவை விரித்துப் போடுகிற எனக்கு அது பாளம் பாளமாக வெடித்திருந்தது.

கொடிமரத்தருகே விழுந்து கும்பிட்டேன். அவர்கள் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நான் எழுந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம், "பொண்ணுக்குக் கால்ல இவ்ளோ பித்தவெடிப்பா?" என்று கேட்டார். மாப்பிள்ளை கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த வீட்டிலிருந்து பதில் வராது. திரும்பும்போது பஸ்ஸில் தி. நகர் நெருங்கியதும் அம்மா, "சாமியை நின்னுக்கிட்டே கும்பிட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

நின்று நின்றுதானே குதிகால் வெடித்தது. குனிந்துகொண்டேன். செருப்பின் முனையில் நகங்கள் பளபளவென்று சிவந்திருந்தன.