கடலைப் பார்க்காமல் கடந்தவர்

மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பேச்சு உலவுகிறது. மெர்டேக்கா என்னும் சுதந்திர வருஷத்தில் நம்ம ஆள் ஒருவர் பாய்ப்படகில் சுமத்ராவுக்குப் போனாராம். திரும்பும்போது புயலாம். பழம் தின்று கொட்டை போட்ட மாலுமிகளே திகைத்து நிற்க, இவர் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிப் படகைக் காப்பாற்றினாராம். முடிவெட்டும் கடையில் இந்தக் கதை எனக்கு ஒரு பாய்மரத்தோடு கிடைத்தது. புக்கிட் பாருவில் அது மூன்று மரமாகிவிட்டது. பத்து பெரெண்டாம்காரர்கள் விமானத்தளத்துப் பக்கத்தில் இருந்து விமானத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் அல்லவா, அங்கே படகு கொஞ்ச தூரம் பறந்தும் இருக்கிறது.

நான் எழுதுவதை யாரும் சரிபார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். ஆனால் அடுத்தவர் புளுகைச் சரிபார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. குடையை எடுத்துக்கொண்டு, கதையில் வரும் அந்த ஆளான மருதமுத்துவின் கடைக்குப் போனேன்.

கடை என்றால் ஒரு தகரக் கூரை. கீழே விரித்துப் போட்ட லாரிக் கேன்வாஸ், அதன் நடுவில் ஊசியோடு அவர்.

"கேள்விப்பட்டது நிஜமா?"

"என்ன கேள்விப்பட்டீங்க?"

சொன்னேன். பறந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

"எல்லாம் நிஜம்தான் சார். ஏறினேன், காப்பாத்தினேன். ஏன் ஏறினேன்னுதான் ஒருத்தரும் கேக்கல."

பின்கட்டிலிருந்து அவர் மனைவி அஞ்சலை எட்டிப் பார்த்தார். "கேளுங்கண்ணே, நல்லாக் கேளுங்க. மலாக்கா ஆத்துப் பாலத்துமேல நடக்கவே கம்பியப் புடிச்சிக்கிற மனுஷன்."

நானும் அந்தக் கம்பியைப் பிடிக்கிறவன்தான். அதை அங்கே சொல்லவில்லை.

மருதமுத்து ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் டவுனுக்கு வந்து தையல் பழகினார். அவர் தைத்த சட்டைகளில் ஒரு கை இன்னொன்றைவிடச் செல்வாக்காக இருந்தது. "சட்டை போட்டவன் கண்ணாடி பாக்குறான் சார். லாரி பாக்குமா?" என்று லாரிகளுக்குக் கேன்வாஸ் தைக்க மாறிவிட்டார். அதில் அவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு கேன்வாஸின் தலைப்பு மடிப்பிலும் சன்னாசிமலைக் கோயில் திருநீற்றைச் சின்னத் துணியில் முடிந்து உள்ளே வைத்துத் தைத்துவிடுவார். லாரிக்காரர் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மழையிலும் காற்றிலும் அவர் கேன்வாஸ் கிழியாது. காரணம் திருநீறு என்பது அவர் கட்சி. தடித்த நூல் என்பது என் கட்சி.

சுதந்திரம் வரப் போகிறதென்று துரைமார்கள் நாய், பியானோ, நாற்காலி என்று விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய சமயம் அது. லாரி முதலாளி கோ தவுக்கே அதில் ஒரு 'யாட்'டை வாங்கிப் போட்டார். யாட் என்றால் மீன் பிடிக்காத, சரக்கு ஏற்றாத பாய்ப்படகு. சும்மா போய்வருவதற்கு. உடம்பு பளபளவென்று இருந்தது, பாய்தான் கந்தல். தவுக்கே நேரே மருதமுத்துவிடம் வந்தார்.

"உன் லாரிப் பாய் கிழியறதில்ல. இதையும் தைச்சுக் குடு. சுமத்ராப் பக்கம் பெங்காலிஸ்ல என் மச்சான் வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன். நீயும் கூட வா."

"நான் எதுக்கு தவுக்கே?"

"பாய் முழுசாத் திரும்பினா, என் லாரி வேலையும் படகு வேலையும் உனக்குத்தான். கிழிஞ்சா ரெண்டும் வேற ஆளுக்கு."

தவுக்கேயின் லாரிகள் போனால் மருதமுத்துவுக்கு மிஞ்சுவது மாட்டுவண்டிகளும் அஞ்சலையின் வாயும்தான். பாயைத் தைத்துக் கொடுத்துவிட்டு, எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடியோடு படகேறினார்.

படகை ஓட்டியவர் உம்பாயைச் சேர்ந்த செராங் பாக் லேமான். தரையில் நடந்ததைவிடக் கடலில் மிதந்தது அதிகம் என்று பேர் வாங்கிய தலைமை மாலுமி. அவருக்குக் கீழே அதே மாதிரி இரண்டு பேர். ஆற்றுமுகத்தைத் தாண்டியதும் மருதமுத்து வாளிக்குள் தலையை விட்டவர், பெங்காலிஸில்தான் வெளியே எடுத்தார். அங்கே தவுக்கேயின் மச்சான் விருந்து போட்டார். இவர் அந்த வீட்டுச் சிமெண்டுத் தரையைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்.

திரும்பும் வழியில், பொழுது நன்றாக விடிந்த பிறகு, சுமத்ராப் பக்கம் வானம் கருத்தது. எத்தனை கூரையைப் பிடுங்குவது என்று எண்ணிக்கொண்டே நம் கரைக்கு வருகிற காற்று அது. "பாயை இறக்கு!" என்று செராங் கத்தினார். மாலுமிகள் கயிற்றை விட்டார்கள். பாய் இறங்கவில்லை. இழுத்தார்கள், ஆட்டினார்கள், திட்டினார்கள். உச்சிக் கப்பியில் ஏதோ சிக்கிக்கொண்டு பாய் முழுக்கக் காற்றை வாங்கியது. படகு ஒருக்களித்துப் படுத்தது.

"பாயைக் கிழிச்சுடு!" என்றார் தவுக்கே. செராங் கத்தியை உருவினார்.

வாளிக்குள் இருந்தவருக்கு அந்த ஒரு சொல் கேட்டது.

"கிழிக்காதீங்க! நான் ஏறுறேன்!"

"நீயா?" என்றார் செராங்.

"எனக்குக் கடல்கூடப் பயமில்ல சார் அப்ப," என்றார் மருதமுத்து என்னிடம். "லாரி அத்தனையும் வரிசையா வேற கடை வாசல்ல நிக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்சுது."

ஒரு பலகையில் உட்காரவைத்து, இடுப்பில் கயிறு கட்டி, அவரை மேலே இழுத்தார்கள். ஏறினார் என்று ஊர் சொல்வது இதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு உச்சிக்குப் போனவர் அங்கே வேறு வழியில்லாமல் திறந்தார். கப்பிக்கும் மரத்துக்கும் நடுவே பாயின் தலைப்பு மடிப்பு புடைத்துக்கொண்டு இறுகிக் கிடந்தது. புடைப்பு என்ன என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. சன்னாசிமலையிலிருந்து அவரே வாங்கி, அவரே முடிந்து, அவரே தைத்தது.

லாரிக்குக் கப்பி கிடையாது. இது அவருக்குத் தைக்கும்போது தோன்றவில்லை.

தையலைப் பிரித்தார். முடிச்சு அவிழ்ந்து துணி கீழே விழுந்தது, பாய் சரசரவென்று இறங்கியது, படகு நிமிர்ந்தது. திருநீறு மட்டும் காற்றோடு வட்டமடித்து எல்லார் முகத்திலும் அப்பியது. தவுக்கே, செராங், மாலுமிகள் என்று வேற்றுமை பாராமல் அன்று படகு முழுக்க ஒரே சிவப்பழம். மழை வந்துதான் கழுவிவிட்டது.

"இது என்ன தூள்?" என்றார் தவுக்கே, துப்பிக்கொண்டே.

காலடியில் விழுந்த துணியைச் செராங் ஏற்கெனவே பார்த்துவிட்டார். மேலே தொங்கிக்கொண்டிருந்தவரின் முகத்தையும் பார்த்தார். துணியைச் சாரோங் மடிப்பில் செருகிக்கொண்டு, "துரை காலத்து உப்பு, தவுக்கே. கப்பியில சேர்ந்து கெடந்துச்சு," என்றார்.

பாய் முழுசாகக் கரை சேர்ந்தது. லாரிகளும் படகும் மருதமுத்துவுக்கே என்றாயிற்று.

"இதை எழுதலாமா?" என்று கேட்டேன். "தவுக்கேக்குத் தெரிஞ்சா?"

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவங்க மட்டும் உங்க பத்தியப் படிக்கிறாங்களா என்ன? எழுதுங்க சார்."

இந்தச் சான்றிதழோடு உம்பாய்க்குப் பஸ் ஏறினேன், செராங்கிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. வீட்டு வாசலில் வலை காயவைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் சிரித்தார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார், உப்பு உள்பட.

"ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?"

"பயந்த மனுஷன் மேல போனானே, அதுக்காக. ஆனா சும்மா விடல, தம்பி. எத்தனையோ பேரை அக்கரைக்குக் கூட்டிப்போயிருக்கேன். கடலைப் பார்க்காமலே கடலைக் கடந்தவன் அவன் ஒருத்தன்தான். போகும்போது வாளி. உச்சியில கப்பி. திரும்பும்போதும் வாளி. இன்னொரு தடவை வந்து மேல்தட்டுல உட்கார்ந்து கண்ணால பாருன்னேன். வர்றேன்னு கைமேல கை வச்சுச் சொன்னான்."

சொன்னவர் இன்னும் போகவில்லை. ஒரு ஞாயிறு அமாவாசை, ஒரு ஞாயிறு லாரி அவசரம், ஒரு ஞாயிறு அஞ்சலையின் தம்பி வருகிறான். டவுனுக்கு வரும்போதெல்லாம் செராங் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியை மட்டும் அடிப்பாராம். ஒரு வார்த்தை பேசமாட்டாராம்.

"நீ அவன் சிநேகிதன்தானே?" என்றார் செராங், என் பக்கம் பலகாரத் தட்டைத் தள்ளி. "அவன் வரலைன்னா, அவனுக்குப் பதில் நீ வா."

வாய் நிறையப் பலகாரம். சரியென்று தலையை ஆட்டிவிட்டேன்.

நேற்று எங்கள் அலுவலக வாசலில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. பேனா விழுந்துவிட்டதென்று மேஜைக்கடியில் குனிந்தேன். மணி நிற்கும்வரை பேனா கிடைக்கவில்லை.