காற்றைத் திருப்பிய ரசாக் அண்ணன்

என் பெரிய பேரன் பீளமேட்டில் இன்ஜினியர் ஆகிவிட்டான். பேத்தி நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள். கடைக்குட்டி கவின் கபடியில் கோப்பை வாங்கி வந்தான். அதில் அவன் பெயரை வெட்டித் தரச் சொல்லி உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் ரசாக் அண்ணனுக்குப் போன் செய்தபோதுதான், "அத்தா காலையில மவுத்தாயிட்டாங்க" என்று அண்ணன் இறந்துபோனதை அவர் மகள் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சந்தோஷம் எதுவும் அண்ணன் கைபடாமல் இருந்ததில்லை. என் கல்யாணக் குடத்தில் பெயர் வெட்டியவரும் அவர்தான்.

அறுபது வயதுக்கு மேல் பழைய புத்தகம் ஒன்று வாங்கினார். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்பு வெள்ளைக்காரர்கள் செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த படங்கள். துறைமுகம், பாய்மரக் கப்பல், வானம் முட்டும் தூண்கள், இடிந்த வளைவுகள். பார்த்ததும் தாமும் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து அச்செடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் போட்டி வைத்தார்கள். எட்டு மாதம் உழைத்த துறைமுகப் படத்தை, கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது எனக்குக் காட்டினார்.

"ஏனுங்ண்ணா, பாய் இந்தப் பக்கம் உப்பியிருக்குது, கொடி அந்தப் பக்கம் பறக்குது. காத்து ரெண்டு பக்கமா அடிக்குமுங்களா?"

"கடலை நீ எங்க அம்மணி பாத்தே?"

"நீங்க மட்டும் பாத்தீங்களாக்கும்? களத்துல நெல்லு தூத்துனவளுக்குக் காத்து தெரியாதுங்களா? இப்பிடி அடிச்சா பதரு பூராவும் என்ற மூஞ்சிலதானுங்க!"

அண்ணன் படத்தை இழுத்துக் கொடிகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். அஞ்சாம் வகுப்பு படித்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"யாருக்கு அத்தா தெரியப்போவுது? அப்படியே குடுத்துருங்க" என்றார் மகள்.

"அம்மணிக்குத் தெரிஞ்சுபோச்சே!"

பதினொரு கொடிகளையும் தகட்டிலிருந்து சுரண்டி, செம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, மறுபடி கீறினார். நான்காம் நாள் மை காயாத படத்தோடு போனார். முதல் பரிசு! மேடையிலேயே, "காத்தைத் திருப்பி உட்டது எங்க அம்மணிங்க" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகுதான் கவனித்தேன். தூண்களுக்குக் கீழே, தொப்பிக்காரர்கள் நடுவில், முறத்தோடு ஒருத்தி நிற்கிறாள்.

"இது யாருங்ண்ணா?"

"காத்து நேரா அடிக்குதான்னு பாக்கத் துறைமுகத்துக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

போய் வாருங்கள் அண்ணா. கவின் கோப்பைக்கு உங்கள் மகளே பெயர் வெட்டுகிறார்.

பெரிய பேரனுக்கு ஒன்று. கண்ணு, அந்தப் படம் உன் ஆபீஸுக்குப் பக்கத்துக் கல்லூரியில்தான் மாட்டியிருக்கிறது. என்னிடம் இருக்கும் போட்டோ மங்கிவிட்டது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. பதினொரு கொடியும் விழவேண்டும். முறம் பிடித்தவளும்தான்.